ஐந்து பாட்டில் கொண்டைக்கடலை

மேஜையில் ஒரு தாள் இருந்தது. பக்கத்தில் நீலப் பேனா. மூடி கழற்றியே இருந்தது.

"படிச்சுப் பார்த்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க எஸ்தரம்மா" என்றார் மேனேஜர் பாஸ்கர் சார்.

கம்ப்யூட்டரில் அடித்த தாள். நான் ஐந்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அவர் போனை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். நான் அவசரப்படவில்லை.

என் கவனக்குறைவால் கொண்டைக்கடலையில் வண்டு வந்தது. ஸ்டோரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாதது என் தவறு. இன்னொரு தடவை எந்தச் சாமானில் பூச்சி வந்தாலும் நானாகவே வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். இதுதான் அதில் இருந்தது. அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே என் பெயர்.

பேனாவுக்கு மூடியைப் போட்டேன்.

"போட மாட்டேன் சார்."

பூரியும் ஒரு போட்டோவும்

போன வாரம் தாம்பரம் மார்க்கெட்டில் பருப்புக் கிடங்கில் புடைத்துக்கொண்டிருந்த காலத்தைச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு சேர்ந்த வேலைதான் இது. பொத்தேரியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். படிக்கிற பெண்கள் தங்குகிற இடம். அங்கே மெஸ்ஸில் ஸ்டோர் பார்ப்பது என் வேலை. சாமான் வந்தால் இறக்கி அடுக்க வேண்டும். காலையில் சமையலுக்கு அளந்து கொடுக்க வேண்டும். சாவி என்னிடம் இருக்கும்.

மேற்குத் தாம்பரத்திலிருந்து முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்துப் போவேன். பதினோரு வருஷம் அப்படிப் போயிருந்தேன். ஒரு நாள் கூட என் சாமானைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

கொரோனா முடிந்து மெஸ் திரும்பத் திறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பாஸ்கர் சார் புதிதாக வந்தார். அதுவரை நாங்கள் கருப்புக் கொண்டைக்கடலைதான் போடுவோம். சின்னக் கடலை. சுண்டலுக்கும் அதுதான், குழம்புக்கும் அதுதான். பெண்களுக்கு ஓட்டலில் கிடைக்கிற மாதிரி பூரிக்குச் சன்னா வேண்டுமென்று சார் வெள்ளைக்கு மாற்றினார். முதலில் ஒரு மூட்டை வந்தது. நன்றாகப் போனது. அடுத்து ஒரே லோடில் எட்டு மூட்டை இறங்கியது. நாலு மாதத்துக்கு.

"எதுக்கு சார் இவ்ளோ?" என்று கேட்டேன்.

"அடிக்கடி யார் அலையறது?" என்றார்.

ஆறேழு வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்ணின் தட்டில் சன்னாவோடு வண்டும் கிடந்தது. போட்டோ எடுத்து ஹாஸ்டல் குரூப்பில் போட்டுவிட்டாள். மத்தியானத்துக்குள் அவள் அப்பா வார்டனுக்குப் போன் செய்துவிட்டார். சாயங்காலத்துக்குள் தாள் தயார்.

சமையல்கட்டில் குமாரி இருக்கிறாள். பெரிய அடுப்பு அவள் பொறுப்பு. என்னைவிடப் பத்து வயது சின்னவள். வாய் மட்டும் என்னைவிடப் பெரியது.

"இன்னாக்கா, வண்டுக்கெல்லாம் வூடு கட்டி வாடகைக்கு வுட்டுக்கினு கீறியாமே? அட்வான்ஸ் எவ்ளோ வாங்கின?"

நான் சிரிக்கவில்லை. அவளும் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டாள். கடலையை ஊறப்போட்டால் ஓட்டைக் கடலை மேலே மிதக்கும். அதை அள்ளி எறிவது அவள் வேலை. அன்றைக்கு அவசரத்தில் சரியாக அள்ளவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியும்.

தோல்

கிடங்கில் இருந்தபோது நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட வேண்டும். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் வண்டு இருக்கிறது. கையை எடுத்தால் மாவு ஒட்டியிருக்கும். ஒரு புளித்த வாடை வரும். கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே கைக்குத் தெரிந்துவிடும்.

அந்த வண்டு எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. பழுப்பு நிறம். அது கடலையைத் தின்பதில்லை. கடலை மேலே முட்டையை ஒட்டவைத்துவிட்டுச் செத்துப்போகும். புழுதான் தோலைத் துளைத்து உள்ளே போய்த் தின்னும். உள்ளேயே வண்டாகி, வட்டமாக ஒரு கதவு வெட்டிக்கொண்டு வெளியே வரும். உடைத்த கடலைப்பருப்பை இந்த வண்டு அவ்வளவாகச் சீண்டாது. அதற்கு முழுக் கடலை வேண்டும்.

முழுக் கடலையிலும் எல்லாம் ஒன்றல்ல. வெள்ளைக் கடலை பெரிது. தோல் மெல்லிசு, வழவழப்பு. ஊறினால் நகம் பட்டாலே உரியும். கருப்புச் சின்னக் கடலையைக் கையில் உருட்டிப் பாருங்கள். சொரசொரவென்று இருக்கும். சுருக்கம் சுருக்கமாக, தடிப்பாக. முட்டை அதில் சரியாக ஒட்டாது. ஒட்டினாலும் உள்ளே போவதற்குள் புழு பாதி செத்துவிடும்.

கருப்பில் வண்டே வராது என்று சொல்ல மாட்டேன். வரும். லேட்டாக வரும். குறைவாக வரும். அதற்குள் நாம் சமைத்துத் தின்றுவிடலாம்.

எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு ஆளுக்கு ஏதாவது கொண்டுபோய் வைப்போம். பூசணிக்காய், அரிசி, கோழி என்று வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு வருஷம் பெருமைக்கு வெள்ளைக் கடலை ஒரு பை வாங்கி வைத்தேன். வாங்கி ரெண்டு மாதம் வீட்டில் வைத்திருந்தது. ஏலம் விடுகிறவர் பையைப் பிரித்துத் தூக்கிக் காட்டினார். வண்டு பறந்து போய் போதகர் ஐயரின் வெள்ளை அங்கியில் உட்கார்ந்தது. ஒன்றல்ல. ஏழெட்டு.

"எஸ்தர் உயிருள்ள காணிக்கையே கொண்டுவந்திருக்காங்க" என்றார் ஐயர். சர்ச் முழுக்கச் சிரித்தது. அடுத்த வருஷத்திலிருந்து கருப்புதான் கொடுக்கிறேன்.

அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை. வெள்ளையை நாலு மாதம் அடுக்கி வைத்தால் வண்டு வந்தே தீரும். அந்தத் தாளில் போட்டால், அடுத்த வண்டு வருகிற அன்றைக்கு என் வேலை போய்விடும். தேதி மட்டும்தான் தெரியாது.

ஒரு மாதம்

"நீங்க என்ன சொல்றீங்க? வண்டு எங்கிருந்து வந்துச்சு?" என்று சார் கேட்டார்.

"மூட்டையிலயே வந்துச்சு. வெள்ளை வண்டுக்குத் தாங்காது."

"கடைக்காரர் நல்ல சரக்குதான் கொடுத்திருக்கார். உங்க டிரம் சுத்தமில்ல. அதான் விஷயம்."

"டிரம் சுத்தம் சார்."

"ப்ரூஃப் இருக்கா?"

"ஒரு மாசம் கொடுங்க. காட்றேன்."

அவருக்கு என்ன தோன்றியதோ. பெண்களுக்குப் பரீட்சை லீவு வரப்போகிறது. ஆள் குறைவு. சரி, லீவு முடியும்வரை என்றார். மூட்டைகளுக்கு நடுவே பூச்சி கொல்கிற மருந்து மாத்திரை போட்டுவிடலாமா என்றும் கேட்டார். நான் மத்தியானம் சாப்பிடுவதும் காலை நீட்டுவதும் அந்த அறையில்தான். வேண்டாம் என்றேன். சல்லடை இருக்கிறது, வெயில் இருக்கிறது, கை இருக்கிறது. இருந்த மூட்டைகளை நாளுக்கு ஒன்றாகச் சலித்து மாடியில் காயப்போட்டேன்.

காலி ஊறுகாய் பாட்டில் ஐந்து எடுத்தேன். கழுவி வெயிலில் கவிழ்த்தேன். ஒன்றில் வெள்ளைக் கடலை. இரண்டாவதில் இப்போது கடைகளில் வருகிற பெரிய பழுப்புக் கடலை. அதுவும் கருப்பு என்றுதான் விற்கிறார்கள், ஆனால் தோல் வழவழப்பு. மூன்றாவதில் பழைய சின்னக் கருப்பு. மூன்றிலும் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் பத்து வண்டு பிடித்துப் போட்டேன். பாட்டில் வாயை வேட்டித் துணியால் மூடி ரப்பர் பேண்டு போட்டேன்.

நாலாவதும் ஐந்தாவதும் சாருக்காக. நாலாவதில் கடைசி மூலையில் தையல் பிரிக்காத மூட்டையிலிருந்து வெள்ளைக் கடலை. வண்டு போடவில்லை. மூட்டையிலேயே வந்தது என்று நான் சொன்னேனே, அதற்கு. ஐந்தாவதில் டிரம்மில் இருந்த கடலை. அதிலும் வண்டு போடவில்லை. டிரம் சுத்தம் என்பதற்கு.

டிரம் பற்றிச் சொல்ல வேண்டும். கடலைக்கு இரண்டு நீல டிரம். ஒன்றில் புது லோடு கொட்டியிருந்தது. இன்னொன்று தீர்ந்து, அடியில் ஒரு கை கடலை மட்டும் கிடந்தது. முதலில் வந்த வெள்ளை மூட்டையில் மிச்சம். தீரவில்லை, நான்தான் விட்டுவைத்தேன். அரிசி டின்னோ பருப்பு டின்னோ, முழுக்கத் துடைத்துக் கவிழ்க்கக் கூடாது. ஒரு கை விட்டு அதன் மேலேதான் புதுசு கொட்ட வேண்டும். கவிழ்த்தால் தரித்திரம். எங்கள் தெருவில் இந்து வீடு, கிறிஸ்தவ வீடு எல்லாவற்றிலும் இது உண்டு. ஹாஸ்டலிலும் பதினோரு வருஷம் அப்படித்தான் செய்தேன். சேர்ந்த நாளிலிருந்து எந்த டிரம்மும் காலியானது கிடையாது. எனக்கு அதில் பெருமை கூட.

அந்த ஒரு கையைத்தான் ஐந்தாவது பாட்டிலில் போட்டேன். சலித்துப் பார்த்தேன். ஒரு ஓட்டை இல்லை. முத்து மாதிரி இருந்தது.

ஐந்தையும் ஸ்டோர் ஜன்னலில் வரிசையாக வைத்தேன். லீவுக்கு ஊருக்குப் போகாத ஒரு பெண் டீ வாங்க வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"சயின்ஸ் எக்ஸ்பெரிமென்ட்டா ஆன்ட்டி?"

"இல்லம்மா. கேஸ்."

"யார் மேல?"

"என் மேல."

அவள் டீயைக் குடிக்காமல் பாட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோ எடுத்தது அவள்தான் என்று குமாரி பிறகு சொன்னாள். எனக்குக் கோபமில்லை. தட்டில் வண்டு கிடந்தால் நானும் காட்டியிருப்பேன்.

வரிசை மாறியது

முதல் மூன்று நாளிலேயே ஒன்று தெரிந்தது. கருப்புக் கடலையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளி. கடுகில் பாதி கூட இல்லை. அதுதான் முட்டை. வெள்ளைக் கடலையில் எத்தனை உற்றுப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் சாய்த்துப் பிடித்தபோதுதான் பளபளத்தது. வெள்ளை மேல் வெள்ளை. ஒரே கடலையில் மூன்று, நாலு.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. போட்ட வண்டெல்லாம் செத்து அடியில் கிடந்தது.

மூன்று வாரம் தாண்டி ஒரு காலை. ஸ்டோரைத் திறந்தேன். பாட்டிலில் துணிக்குக் கீழே அசைகிறது. சரி, வெள்ளையில் வந்துவிட்டது என்று கிட்டே போனேன்.

வெள்ளைதான். ஆனால் அது முதல் பாட்டில் இல்லை. ஐந்தாவது.

நான் வண்டே போடாத பாட்டில். டிரம்மிலிருந்து எடுத்த அந்த ஒரு கை.

நாலாவதைப் பார்த்தேன். தையல் பிரிக்காத மூட்டையின் கடலை. அசைவே இல்லை. கடைசி வரை அதில் ஒன்று கூட வரவில்லை.

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன். கடைக்காரர் மேல் பழி போட்டிருந்தேன். அவர் சரக்கு சுத்தம். வண்டு என் டிரம்மில் இருந்தது. நான் விட்டுவைத்த கையில், கண்ணுக்குத் தெரியாத முட்டையாக. பக்கத்து டிரம்மிலும் அப்படி ஒரு கை மேலேதான் புது லோடைக் கொட்டினேன்.

அப்படியானால் பதினோரு வருஷமும் அதையேதான் செய்திருக்கிறேன். ஒவ்வொரு லோடுக்கும் அடியில் வண்டு வைத்துத்தான் கொட்டியிருக்கிறேன். அந்தச் சின்னக் கருப்பு தாங்கிக்கொண்டது. என் தப்பை அது தோலுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்திருந்தது. வெள்ளை வந்ததும் தெரிந்துவிட்டது.

குமாரி தக்காளி கேட்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். நான் சொன்னேன்.

"இதுக்கா இப்டி குந்திகினு கீற? அஞ்சாவது பாட்டில கடாசு. நாலு பாட்டில் வெச்சேன்னு சொல்லு. அந்த ஆளு எண்ணிக்கினா இருந்தாரு?"

"இல்ல. ஆனா வெச்சேன் இல்ல?"

"அக்கா, ஒழுங்கா கேளு. உன் கையால வண்டு வந்துச்சுன்னா அந்தாளு இன்னா சொல்வாரு? போட்றி கையெழுத்தன்னுவாரு. நீ வூட்டுக்குப் போவ. புதுசா ஒருத்தி வருவா, எங்கிட்ட வெங்காயத்த எண்ணிக் குடுப்பா. எனக்கு வேற பேஜாரு."

"மறைச்சா மட்டும்?"

"மறைச்சா வேல நிக்கும்."

"அடுத்த டிரம்ல திரும்ப வரும்."

"அப்ப அந்தக் கைய மட்டும் வுடாத. யாருக்கு சொல்லணும்?"

அவள் சொன்னதில் கணக்கு சரி. ஆனால் நான் ஒரு மாதம் கேட்டது உண்மை தெரிவதற்கு. எனக்குப் பிடித்த உண்மை மட்டும் வர வேண்டுமென்றால் எதற்குப் பாட்டில்? தக்காளியை அளந்து கொடுத்தேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அன்றைக்கே இரண்டாவது டிரம்மை முற்றத்துக்கு உருட்டிப் போனேன். தலைகீழாகக் கவிழ்த்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். சமையல்கட்டில் இரண்டு பேர் வாயில் கைவைத்துப் பார்த்தார்கள். தரித்திரம் வந்தால் என் வீட்டுக்கு வரட்டும் என்றேன்.

மேஜை மேல்

மாதம் முடிந்தது. ஐந்து பாட்டிலையும் பிளாஸ்டிக் கூடையில் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். மேஜையில் வரிசையாக வைத்தேன். அந்தத் தாள் ஒரு ஃபைலில் இருந்தது. அவர் எடுத்து முன்னால் வைத்தார்.

"சொல்லுங்க."

முதல் பாட்டிலைச் சாய்த்தேன். கடலை எல்லாம் ஓட்டை. பாதிக்கு மேல் மாவு. வண்டு துணியை முட்டியது. அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

"இது வெள்ளை. பத்து வண்டு போட்டது."

இரண்டாவதைச் சாய்த்தேன். "இது பெரிய பழுப்பு. பாதி போச்சு."

மூன்றாவது. சின்னக் கருப்பு. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓட்டை. அவரே கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"இதுலயும் பத்து வண்டுதானா?"

"பத்துதான்."

"இன்னும் நல்லாதான இருக்கு?"

"இன்னிக்கும் சமைக்கலாம்."

நாலாவதைக் காட்டினேன். "இது மூட்டையிலேர்ந்து எடுத்தது. வண்டு இல்ல. கடைக்காரர் மேல தப்பு சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்."

ஐந்தாவதை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இது என் டிரம். நீங்க சொன்னது சரி. வண்டு இங்கேர்ந்துதான் வந்துச்சு."

ஒரு கை விட்டுவைக்கிற வழக்கத்தைச் சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. தாளை என் பக்கம் திருப்பினார்.

"பார்த்தீங்களா? இதைத்தான் நான் அன்னிக்கே சொன்னேன். ஒரு மாசத்த வேஸ்ட் பண்ணிட்டீங்க. போடுங்க."

"இதுல போட மாட்டேன்."

"எஸ்தரம்மா, நீங்களே ஒத்துக்கிட்டீங்க!"

"என் தப்ப ஒத்துக்கிட்டேன். இதுல உங்க தப்பும் என் பேர்ல இருக்கு."

கூடையின் அடியிலிருந்து என் தாளை எடுத்தேன். கோடு போட்ட நோட்டுத் தாள். எழுத இரண்டு நாள் ஆனது. பொத்தேரி ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸும் எடுத்திருந்தேன். இரண்டையும் வைத்தேன்.

அவர் வாய்க்குள் படித்தார். டிரம்மில் பழைய கடலையை விட்டது என் தப்பு. இனி விட மாட்டேன். வெள்ளைக் கடலை வண்டுக்குத் தாங்காது. அதை நாலு மாதத்துக்கு வாங்கி அடுக்கியது என் தப்பு இல்லை. வெள்ளை ஒரு மாதத்துக்கு மேல் வாங்கினால் வருகிற வண்டுக்கு நான் பொறுப்பில்லை. சின்னக் கருப்பு வாங்கினால் நான் பொறுப்பு. கீழே எஸ்தர் என்று கையெழுத்து.

"ரெண்டு மூணு எழுத்து தப்பா இருக்கு" என்றார்.

"இருக்கட்டும் சார். சேதி சரியா இருக்கு."

"இதெல்லாம் ஃபைல்ல வைக்க முடியாது."

"அப்ப பாட்டிலோட வார்டன் அம்மா ரூமுக்குப் போறேன்."

"என்ன, மிரட்றீங்களா?"

"இல்ல. வழி கேக்கறேன். மாடியா, கீழயா?"

முதல் பாட்டிலில் ஒரு வண்டு எப்படியோ துணிக்கு வெளியே வந்துவிட்டது. அவர் கம்ப்யூட்டரில் அடித்த தாளின் மேல் நடந்து போனது. அவர் தாளைத் தூக்கி உதறினார். பிறகு அதை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"உங்க தாளைக் கொடுத்துட்டுப் போங்க. பார்க்கறேன்."

"ஜெராக்ஸ்ல வாங்கிக்கிட்டேன்னு சீல் போட்டுக் கொடுங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். பதினோரு வருஷமாக எந்த மேனேஜரிடமும் நான் எதையும் கேட்டதில்லை. நின்றேன். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. டிராயரைத் திறந்தார். மூடினார். இன்னொரு டிராயரைத் திறந்தார். சீலை எடுத்து மையில் ஒற்றி ஜெராக்ஸ் தாளில் ஒரு குத்துக் குத்தினார். தேதி போட்டார். கையெழுத்தும் போட்டார்.

"அடுத்த லோடுக்கு என்ன எழுதட்டும்?" சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"சின்னக் கருப்பு ரெண்டு மூட்டை. வெள்ளை வேணும்னா அரை மூட்டை. மாசா மாசம்."

"பொண்ணுங்க கருப்பு சன்னாவைப் பார்த்து மூஞ்சி சுளிப்பாங்க."

"சுளிக்கட்டும்."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சீல் போட்ட தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகினேன். வாசலில் குமாரி கரண்டியோடு நின்றிருந்தாள், காதை வைத்துக்கொண்டு.

"இன்னாக்கா, வேல கீதா, போச்சா?"

"சாம்பாருக்குப் பருப்பு எவ்ளோ?" என்று கேட்டேன்.

அவள் அளவு சொன்னாள். சாவியை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன்.